அந்த ஆளின் மெயில் மட்டும் காத்திருக்கட்டும்

பாய்,

எந்த மனிதர் முன்னால் ஒரு நாளாவது மிடுக்காக உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ, அவர் முன்னால் நேற்று மூஞ்சி நிறையத் தூசியோடு நாலு காலில் நின்றேன்.

நடந்தது இதுதான். ஆபீஸ் ரூமில் மேசைக்கு அடியில் நீங்கள் வைத்துவிட்டுப் போன மெயில் இறங்கும் கம்ப்யூட்டர் பெட்டி காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்தது. விசிறியில் தூசி அடைத்திருக்கும் என்று தெரியும். பிரஷ்ஷால் பூப்போலத் தட்டுங்கள் என்று நீங்கள் சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஆனால் பம்புக்குள் சுழல்கிற இம்பெல்லர் கடைகிறவன் கையில் பிரஷ் எங்கே நிற்கும்? கம்ப்ரஸர் ஹோஸை இழுத்துவந்து, மண்டி போட்டு, மேசைக்கு அடியில் தலையை விட்டு ஒரே அழுத்து. பெட்டிக்குள் இத்தனை வருஷம் சேர்ந்த தூசி மொத்தமும் என் மூஞ்சிக்குக் குடி மாறியது. கண் தெரியவில்லை. மூக்கில் மட்டும் ஒரு வாசம் ஏறியது. பட்டறையின் கட்டிங் ஆயில் வாசம் இல்லை. அத்தர்.

தடவிப் பார்த்தேன். பெட்டியின் பின்பக்க வலையில் நீங்கள் செருகி வைத்த பஞ்சு. காதில் இருந்ததை எடுத்து அங்கே சொருகிவிட்டு நீங்கள் சொன்னது அப்படியே கேட்டது: “உங்க பட்டறை நாத்தம் எனக்கே தாங்கலீங்க மொதலாளி. பாவம், இந்தப் பெட்டி வாயில்லாத சீவன்.”

அந்த வாசத்தில் ஒரு நிமிஷம் அப்படியே இருந்துவிட்டேன். அப்போதுதான் வாசலில் குரல்.

“ஏனுங்க, உள்ள வரலாமுங்களா?”

அந்தக் குரல் எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். எழுந்த வேகத்தில் மேசையில் நங்கென்று மண்டை இடித்தது. திருநீற்றுப் பானையில் விழுந்தவன் மாதிரி நான் நிற்க, என் மகள் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்க, எதிரே மடிப்புக் கலையாத சட்டையும் கையில் ஒரு ஃபைலுமாக நின்றவர் ஆர் என்கிறீர்கள்? அந்த பர்ச்சேஸ் மேனேஜர். பெரிய பம்பு கம்பெனியில் இருந்தாரே, அவரேதான்.

நீங்கள் போனபிறகு உங்களுக்கு எழுத எனக்கு ஒன்றும் பெரிதாக இருக்கவில்லை. நேற்றைய கதையை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். பத்தாவது என்னை நிறுத்தியதா, நான் பத்தாவதை நிறுத்தினேனா என்பது இன்னும் தீராத வழக்கு. அப்படிப்பட்டவனுக்கும், கணபதி ஏரியாவில் எங்கள் சந்தில் இருந்த மற்றப் பட்டறைக்காரர்களுக்கும் மெயில் என்ற ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது நீங்கள்தான். கோட்டைமேட்டில் உங்கள் பழைய கம்ப்யூட்டர் கடையில் கரன்ட் போனால் எல்லாம் போயிற்று. என் பட்டறையில் ஜெனரேட்டர் உண்டு. அதனால் எல்லாருடைய மெயிலும் வந்து இறங்குகிற பெட்டி என் மேசைக்கு அடியில் குடியேறியது. “உங்க ஊட்டு வாசல்ல போஸ்டாபீஸ் வெச்சுப்போட்டேன், இனி மருவாதையா இருங்க” என்றீர்கள்.

மரியாதை எங்கே இருந்தது? போஸ்டாபீஸ் திறந்த கொஞ்ச நாளிலேயே குப்பை வந்து குவிந்தது. லாட்டரி விழுந்தது. வெளிநாட்டு விதவை ஒருத்தி தன் சொத்தை என் பேரில் எழுதி வைக்கத் துடித்தாள். எங்கள் சந்தில் ஒருவர் அவளுக்கு, “அம்மணி, மொதல்ல ஒடம்பப் பாத்துக்குங்க” என்று பதில்கூடப் போட்டார். அதெல்லாம் போகட்டும். ஒரு நாள் என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, “அப்பா எப்படி மெயில் பாக்கறேன் பாரு கண்ணு” என்று பெருமையாகத் திறந்தேன். ஆம்பளைக்கு வீரியம் ஏற்றும் மாத்திரை, படத்தோடு. நான் திரையைக் கையால் மறைக்க, அது கைக்கு இரண்டு பக்கமும் தெரிய, காலேஜ் படிக்கிற பிள்ளை எழுந்து மெதுவாக வெளியே போனது. அன்றைக்கு உங்களுக்கு போன் போட்டு நான் பேசிய பேச்சை வேறொருவராக இருந்தால் இன்றைக்கு வரை மன்னித்திருக்க மாட்டார்.

நீங்கள் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். அன்றைக்கு அந்தப் பெட்டியில் ஒன்றைப் போட்டீர்கள். அதற்கு கிரே லிஸ்டிங் என்று பேர் சொன்னீர்கள். வெள்ளையும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல் நடுவில் சாம்பல். எனக்கு விளங்கவில்லை என்று மூஞ்சியிலேயே தெரிந்திருக்கும்.

“ஒரு வாட்ச்மேனை நிக்க வெச்சிருக்கனுங்க மொதலாளி. அறியாத ஆளு வந்து கதவத் தட்டுனா, உள்ளயும் உடமாட்டான், வெரட்டவும் மாட்டான். ‘மொதலாளி இல்லீங்க, சித்த நேரங் கழிச்சு வாங்க’ம்பான். அவ்வளவுதான்.”

“அது வந்தவங்களுக்கு அவமானமில்லீங்களா பாய்?”

“நெசமா சோலி இருக்கறவன் திரும்ப வருவானுங்க. மாத்திரை விக்கறவனுக்கு ஊரெல்லாம் கதவு தட்டோணும். அவனுக்கு ஏது நேரம், திரும்ப வாரதுக்கு? ஒருக்கா திரும்பி வந்தவன வாட்ச்மேன் ஞாபகம் வெச்சுக்குவான். அடுத்த தடவை நிறுத்தமாட்டான்.”

திரும்ப வருகிறவன்தான் நிசமானவன். அதை நீங்கள் மெயிலுக்குச் சொன்னீர்கள். நான் கடன் கேட்டு வருகிறவர்கள், ஸ்கிராப் எடுக்க வருகிறவர்கள், ஏன், என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் வரைக்கும் அதை வைத்தே அளந்து பார்த்தேன். வீட்டில் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

மாத்திரை நின்றது. விதவை நின்றாள். அந்தப் பெரிய கம்பெனியின் மெயில் மட்டும் எப்போதும் போலக் காற்றாக வந்தது, ஏனென்றால் வாட்ச்மேனுக்கு அது பழகின முகம். சந்து முழுக்க உங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

அப்புறம் அந்த நாள். கம்பெனியிலிருந்து அவசர என்கொயரி. இன்றைக்கு மத்தியானத்துக்குள் ரேட்டும் தேதியும் சொல்கிறவர்களுக்கு ஆர்டர். காலையிலேயே அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் சந்தில் ஒருவருக்கும் வரவில்லை. பொழுது சாய்ந்தபிறகு எல்லாருக்கும் மொத்தமாக வந்து விழுந்தது. நாங்கள் அடித்துப் பிடித்துப் பதில் போட்டோம். மத்தியானத்துக்குக் கேட்ட சாப்பாட்டை ராத்திரி கொண்டுபோய் வைத்த கதை. கம்பெனிக்கு இம்பெல்லர் இல்லை. அவர்கள் அனுப்பவேண்டிய சரக்கு நின்றுபோனது. மேலிடத்தில் மேனேஜரைப் பிடித்து உலுக்கினார்கள்.

நீங்கள் மறுநாள் விடிந்ததும் வந்து பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தீர்கள். திரையில் ஓடிய வரிகளில் விரல் வைத்து விரல் வைத்துப் பார்த்தீர்கள். பிறகு தொடையில் ஒரு தட்டு.

“கம்பெனிக்காரங்க மெயில் சர்வீஸை மாத்திப்போட்டாங்க மொதலாளி. ஒருத்தர்கிட்டயும் சொல்லாம. புது சர்வீஸ் பெரிய எடமுங்க, மெயிலச் சொமந்துட்டு வர அவங்களுக்கு நூறு வண்டி. காலைல ஒரு டிரைவர் வந்தான், நம்ம வாட்ச்மேன் அப்புறம் வாங்கன்னான். திரும்ப வந்தான், ஆனா வேற டிரைவர். வாட்ச்மேனுக்கு மூஞ்சிதானுங்க தெரியும், கம்பெனி தெரியாது. ‘நீ ஆரப்பா, புதுசா இருக்கற’ன்னு அவனையும் நிறுத்திட்டான். அடுத்த தடவை இன்னொருத்தன். பொழுது போறவரைக்கும் இதே அக்கப்போரு. கடைசில காலைல வந்தவனே மறுக்கா வந்தான் பாருங்க, அப்பத்தான் கதவு தொறந்துச்சு.”

“அப்ப தப்பு ஆருதுங்க?”

“வாட்ச்மேனுக்குச் சொல்லிக்குடுக்காதது என் தப்புங்க. மாத்தறத முன்கூட்டிச் சொல்லாதது அவங்க தப்பு. ஆளுக்குப் பாதி.”

சர்வீஸ் மாறுவதை, சரக்குக் கொடுக்கிற எங்களைப் போன்ற வெண்டர்களுக்குச் சொல்லவேண்டிய ஆள் அந்த மேனேஜர்தான். உங்கள் பாதியை நீங்கள் அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டீர்கள். அவர் தன் பாதியையும் சேர்த்து உங்கள் தலையில் வைத்தார்.

வெண்டர் மீட்டிங் என்று கம்பெனி மாடி ஹாலில் கூட்டினார்கள். நான் உங்களை என் வண்டியின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன், நீங்களே விளக்கிச் சொல்வீர்கள் என்று. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எங்கள் சந்துக்காரர் ஒருவர் எழுந்து, “நாங்க மெயில் வந்ததுமே அனுப்பிட்டமுங்க சார்” என்றார்.

மேனேஜர் கையை ஆட்டினார். “அனுப்பினது கணக்கில்லீங்க. வந்ததுதான் கணக்கு.”

ஹாலே தலையாட்டியது. அதோடு விட்டிருந்தால் நானும் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். அவர் விடவில்லை. “இதுல இன்னொன்னு இருக்குதுங்க. ஒரு பழைய கம்ப்யூட்டர் பாய்கிட்ட உங்க மெயிலெல்லாம் இருக்குது. அவரு நம்ம மெயிலப் படிச்சு, ரேட்ட வெளிய வித்துப்போட்டு, அப்புறந்தான் உங்களுக்கு உடறாரு. அதான் லேட்டு. அவருகிட்ட மெயில் வெச்சிருக்கற ஆளுகளுக்கு இனி நம்ம கம்பெனில ஆர்டர் இல்லீங்க.”

எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் பாருங்கள். ஒரு ‘ங்க’ குறையவில்லை. எங்கள் ஊரில் கத்தியை வெண்ணெய் தடவித்தான் இறக்குவார்கள்.

நான் எழுந்தேன். என் உடம்புக்கு அந்த பிளாஸ்டிக் நாற்காலி பத்தாது, அதனால் நாற்காலியும் என்னோடு எழுந்தது. ஹால் சிரித்தது. நாற்காலி இடுப்பில் தொங்க, “சார், பாய் மேல தப்பில்லீங்க, எல்லாம் அந்த வாட்ச்மேனுங்க, மூஞ்சி பாத்து நிறுத்திட்டானுங்க” என்று ஆரம்பித்தேன். நீங்கள் எனக்குச் சொன்னது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாதே! மேனேஜர் இண்டர்காமை எடுத்து, தன் கேட்டில் நின்ற நிஜ வாட்ச்மேனை மேலே வரச் சொன்னார். பாவம் அந்த மனுசன், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, “நான் ஆரையும் நிறுத்தலீங்களே” என்று அழாக்குறையாக நின்றார். அதற்குமேல் ஹாலில் ஒருவருக்கும் மூச்சு விட முடியவில்லை. நீங்களும் சிரித்தீர்கள் பாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். உங்களைப் பேசவிடவே இல்லை.

திரும்பி வரும்போது வண்டியின் பின்னாலிருந்து ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். “இத்தன பேரு மெயிலும் என் கையில இருந்துச்சுங்க மொதலாளி. ஒண்ணே ஒண்ணத் தொறந்து படிச்சிருந்தா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்.” நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது.

அப்புறம் சந்தில் ஒவ்வொருவராக உங்களிடம் வந்தார்கள். “தப்பா நெனச்சுக்காதீங்க பாய்.” “நம்மளுக்கு உங்க மேல ஒண்ணுமில்லீங்க, கம்பெனி சொல்லுதுங்க.” ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, தோளைத் தொட்டு, மெயிலை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை. அந்தக் கம்பெனி ஆர்டர் போனது. போகட்டும் என்று பல்லடம் பக்கம் கோழிப்பண்ணைகளுக்குத் தண்ணீர் பம்பு ரிப்பேர் பார்த்து ஓட்டினேன். என் மெயில் அதே பெட்டியில் இருந்தது. ஆனால் மெயிலைத் திருடிப் படிக்கிறவர் என்ற பேர் கோட்டைமேடு வரைக்கும் நடந்து போய்விட்டது. கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் குறைந்தார்கள். கண்ணாடி அலமாரியில் கடைசியாக மிஞ்சியது செல்போன் கவர்கள்.

அத்தனைக்கும் நடுவில், மீட்டிங் நடந்த அந்த வாரமே நீங்கள் பெட்டியைச் சரிசெய்தீர்கள். வாட்ச்மேன் இனிமேல் ஆளின் மூஞ்சியைப் பார்க்கமாட்டான், வண்டி எந்த ஸ்டாண்டிலிருந்து வருகிறது என்று பார்ப்பான் என்றீர்கள். நிறுத்தவே கூடாத ஆட்கள் என்று ஒரு வெள்ளைப் பட்டியல் போட்டீர்கள். கம்பெனியைப் போட்டீர்கள். அதற்கு அடுத்த வரியில் அந்த மேனேஜரின் சொந்த மெயிலையும் தட்டினீர்கள்.

“ஏனுங்க பாய், அந்த ஆளையுமா?”

“மெயில் அனுப்பறவன் நல்லவனா கெட்டவனான்னு பாக்கறது வாட்ச்மேன் சோலி இல்லீங்க மொதலாளி. நெசமான ஆளான்னு மட்டுந்தான் பாக்கோணும். இந்த ஆளு நெசமான ஆளுதானுங்களே?”

“நெசமான களவாணிங்க.”

“ஆனா நெசம்” என்று சொல்லிவிட்டு என்டரைத் தட்டினீர்கள். எனக்கு எப்போதாவது ஒரு வரியை நிறுத்த வேண்டுமென்றால் அழிக்கக் கூடாது, முன்னால் # என்று ஒரு குறுக்குக்கட்டைக் குறி போட்டால் போதும், வரி தூங்கிவிடும், தேவைப்பட்டால் எழுப்பிக்கொள்ளலாம் என்றும் அன்றைக்குத்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். ஆரிடம் எதைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

போத்தனூரில் உங்கள் தம்பி வீட்டிலிருந்து போன் வந்தபோது நான் லேத்தில் நின்றுகொண்டிருந்தேன். நெஞ்சுவலி என்றார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள், அடுத்த மூச்சில் இல்லை என்றார்கள். மண் போடும்போது என்னையும் கூப்பிட்டார்கள். போட்டேன். எங்கள் சந்துக்காரர்களில் என்னைத் தவிர ஒருவரும் அங்கே இல்லை. கை கழுவாமலே பட்டறைக்கு வந்தேன். பெட்டிக்கு முன்னால் குந்தினேன். பட்டியலைத் திறந்து, ஒற்றை விரலால் தேடித் தேடி அந்தக் குறியைப் போட்டேன்.

அதிலும் என் லட்சணத்தைக் கேளுங்கள். வரி மாற்றிப் போட்டுவிட்டேன். மறுநாள் முழுக்க பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் மச்சான் பம்பு ரிப்பேருக்கு அனுப்பிய மெயிலெல்லாம் வாசலில் நின்றது. கோழிக்குத் தண்ணீர் இல்லாமல் அவர் என்னைத் திட்டிய திட்டில் வாட்ச்மேனுக்கே காது கூசியிருக்கும். அப்புறம் மகளிடம் கேட்டுக் கேட்டு, எதற்கென்று சொல்லாமலே, சரியாகக் கற்றுக்கொண்டேன். இப்போது அந்த ஆளுக்கென்று தனியாக ஒரு வரி என் சொந்தக் கையால் எழுதியிருக்கிறேன். மற்றவர்களைச் சித்த நேரம் நிறுத்தினால் இவரை ஒரு மணி நேரம் நிறுத்தித்தான் உள்ளே விடும். மற்றவர்கள் ஒருமுறை திரும்பி வந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளும். இவரை ஞாபகம் வைக்கவே வைக்காது. எத்தனை தடவை வந்தாலும் புது ஆள். எத்தனை தடவை வந்தாலும் “நீ ஆரப்பா?”

மன்னிக்கத் தெரியாதவன் இல்லை நான். இந்த ஒருவரை மன்னிக்க மனசில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆள் இப்போது கம்பெனியில் இல்லை. வயசாயிற்று, அனுப்பிவிட்டார்கள். லேத்தில் இரும்பு சீவுகிற டூல் பிட் விற்கும் ஏஜென்சி எடுத்துத் தானே பட்டறை பட்டறையாகச் சுற்றுகிறார். எங்கள் சந்திலோ இப்போது எல்லாரும் சேர்ந்து மொத்தமாக டூல் வாங்குகிறோம். ரேட் எல்லாம் என் மெயிலுக்கு வரவேண்டும். ஆம், அதே பெட்டிக்குத்தான். பாயை விட்டுப் போனவர்கள் பாயின் பெட்டிக்கே சுற்றி வந்து சேர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாலு மணிக்குக் கதவு சாத்துவோம், அதற்குப் பிறகு வருகிற ரேட் கணக்கில் சேராது. கடைசி மணி நேரத்தில் அனுப்புகிற இந்த ஆளின் ரேட் ஒவ்வொரு தடவையும் நாலு மணிக்குப் பிறகுதான் வந்தது. நேற்று அதனால்தான் நேரிலேயே வந்துவிட்டார்.

மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன். டீ சொன்னேன். எங்கள் ஊரில் எதிரிக்கும் டீ உண்டு.

“எல்லார்த்து மெயிலும் உங்களுக்கு நேரத்துக்கு வந்துருதுங்களாம். என்னுது மட்டுந்தானுங்க லேட்டாவுது” என்றார்.

“எங்க பெட்டிக்கு அறியாத ஆளுங்கன்னா கொஞ்சம் கூச்சமுங்க சார்.”

சிரித்தார். ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். “ரேட்டு இப்பத்தான் மேலிருந்து வந்துச்சுங்க. கையிலயே வாங்கிக்குங்களேன்.”

“பேப்பர்ல வாங்கினா ஒருத்தரு ரேட்ட இன்னொருத்தரு எட்டிப் பாத்தர்றாங்கன்னு நிறுத்திட்டமுங்க. மெயில்ல மட்டுந்தான். ரூல்சுங்க.”

“செரிங்க, இங்க உக்காந்தே அனுப்பறனுங்க” என்று போனை எடுத்தார். மூன்றரை ஆகியிருந்தது. அனுப்பினார். நான் திரையை மெல்ல என் பக்கம் திருப்பிக்கொண்டேன். வரிகள் ஓடின. வந்தது. தட்டியது. ‘சித்த நேரங் கழிச்சு வாங்க’ என்று பெட்டி சொன்னது. பாய், அந்த ஒரு வரியைப் பார்த்தபோது என் நாக்கில் டீ இனித்தது.

“வந்துச்சுங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

மறுபடி அனுப்பினார். மறுபடி. அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எழுந்து வந்து, மேசைக்கு முன்னால் குனிந்து, போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு அனுப்பினார். கிட்டத்தில் இருந்து எறிந்தால் குறி தப்பாது என்ற கணக்கு. மடிப்புக் கலையாத சட்டை மேசை விளிம்பில் கசங்கியது. சற்றுமுன் நான் இருந்த அதே கோலம்.

குனிந்தவர் மூக்கை உறிஞ்சினார். “என்னமோ நல்ல வாசமா இருக்குதுங்களே.”

மகள் என் காதருகே வந்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னை மாதிரி இல்லை, காலேஜை முடித்த பிள்ளை. “அப்பா, வேண்டாங்கப்பா. பாவமா இருக்குது. அந்த ஒரு வரிய எடுத்துட்டாப் போதும், நான் எடுக்கட்டுமா?”

“சித்த இரு அம்மணி.”

“பாய் மாமா இருந்திருந்தா எடுத்திருப்பாருங்கப்பா.”

அந்தப் பிள்ளைக்கு எங்கே அடிப்பது என்று தெரிந்திருக்கிறது. விரலைக் கீபோர்டில் வைத்தேன். உண்மைதான், நீங்கள் எடுத்திருப்பீர்கள். ஆனால் உங்கள் கண்ணாடி அலமாரியில் தொங்கிய செல்போன் கவர்களை நான்தானே பார்த்தேன், நீங்கள் உங்களைப் பார்க்கவில்லையே. விரலை எடுத்துக்கொண்டேன்.

நாலு மணிக்குக் கதவு சாத்தினேன். சந்துக்காரர்களுக்கு போன் போட்டு, வந்து சேர்ந்த ரேட் இவ்வளவுதான் என்று சொன்னேன். அவர் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தார். அரை மணி நேரம் பேசிப் பார்த்தார், தொங்கிய முகத்தோடு செருப்பை மாட்டினார். அப்போது என் போன் கத்த ஆரம்பித்தது. டிங். டிங். டிங். அவர் அனுப்பிய அத்தனையும் வரிசையாக உள்ளே நுழைந்தன, ஒறம்பரைச் சனம், சொந்தபந்தமெல்லாம் பந்திக்கு வருகிற மாதிரி.

“அதானுங்களே? வந்துருச்சுங்களா?”

“வந்துருச்சுங்க. நேரம் போயிருச்சுங்க.”

“நான் நாலுக்கு முன்னாடியே அனுப்பிட்டனுங்களே!”

இதற்காகத்தான் பாய், இத்தனை வருஷம். எத்தனை தடவை கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருப்பேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அவர் அன்றைக்கு ஆட்டிய மாதிரியே கையை ஆட்டினேன். “அனுப்பினது கணக்கில்லீங்க சார். வந்ததுதான் கணக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். இப்போது ஞாபகம் வரும், இப்போது மூஞ்சி வெளுக்கும் என்று காத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார்.

“அதுஞ் செரிதானுங்க” என்றார். “ஒரு ரூல்சுன்னா ரூல்சு.”

அவருக்கு ஞாபகமே இல்லை. என்னை நாற்காலியோடு பார்த்தது ஞாபகம் இல்லை, சொன்ன வார்த்தை ஞாபகம் இல்லை. நாம் ஆயுசு முழுக்கச் சுமக்கிறதை அவர் அன்றைக்கு மீட்டிங் முடிந்து படி இறங்குவதற்குள் உதறிவிட்டுப் போயிருக்கிறார். ஞாபகம் வைத்துக்கொள்ளாத பெட்டியைச் செய்து நான் அவரைத் தண்டித்தேன். அவரே அப்படிப்பட்ட பெட்டிதான்.

வாசல்படியில் நின்று திரும்பினார்.

“அந்த வாசத்தை எங்கியோ கண்ட மாதிரி இருக்குதேன்னு அப்பப் புடிச்சு ரோசிச்சனுங்க. முன்ன ஒரு பாய் இருந்தாருங்களே, கம்ப்யூட்டர் பாயி. ஒருக்கா மீட்டிங்குக்குக் கூட வந்தாரு, என்னத்துக்கோ சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. அவரு இருந்தா இதை ஒரு நிமிசத்துல சரி பண்ணிக் குடுத்திருப்பாருங்க. நல்லா இருக்கறாருங்களா?”

மகள் என்னைப் பார்த்தாள். பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது.

“இருக்கறாருங்க” என்றேன்.

“நான் கேட்டன்னு சொல்லுங்க.”

“சொல்றனுங்க.”

அவர் போனபிறகு மகள் மேசைக்கு அடியில் குனிந்தாள். அத்தர்ப் பஞ்சை எடுத்து, தூசி தட்டி, இருந்த இடத்திலேயே திரும்பச் செருகினாள். அந்த வரி அப்படியே இருக்கிறது பாய். நான் இருக்கிற வரைக்கும் இருக்கும். உங்கள் பட்டியலில் அவருக்கு நீங்கள் போட்ட வரியும் அதற்கு மேலேயே தூங்குகிறது, அழிக்கவில்லை. நீங்கள் சொன்ன மாதிரியே செய்திருக்கிறேன்.

கேட்டார் என்று சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

நிஜத்தைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? “அடடா” என்று ஒரு சத்தம் கொடுத்திருப்பார். செருப்பைக் கழற்றி ஒரு நொடி நின்றிருப்பார். “நல்ல மனுசனுங்க” என்று உங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருப்பார். அதோடு எல்லாவற்றையும் தீர்த்துக்கொண்டு, லேசாகப் படி இறங்கிப் போயிருப்பார். அந்த ஒரு சொல்லைச் சொல்லும் பாக்கியத்தை நான் அவருக்குக் கொடுக்கமாட்டேன். மெயிலைப்போலவே அந்தச் செய்தியும் வாசலில் நிற்கட்டும். அவர் எத்தனை தடவை வந்து கேட்டாலும் நிற்கட்டும்.

தொண்டை வரைக்கும் வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன்: பாய் போயிட்டாருங்க.